மூடிய கையில் ஒரு சிராய்

மலேசியாவின் சிகாமட்டில் என் வீட்டுக் குளிர்பெட்டி, சரக்கு ஏற்றும் மரப் பாலட்டின் மேல் ஆண்டு முழுவதும் நிற்கிறது. ஆற்று வெள்ளம் இரண்டு முறை சமையலறை வரை வந்திருக்கிறது. மழைக்காலத்துக்கு மட்டும் போட்டால் போதாதா என்பவர்களிடம், ஆறு சொல்லிவிட்டு வருவதில்லை என்பேன். அரசாங்க கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் ஒரு முறை உண்டு; அது எனக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். ஆறு வயது. குளிர்பெட்டிக்கு முன்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த பாலட் விளிம்பு அவளுக்கு நல்ல ஆசனமாகிவிட்டது. எழும்போது கையை ஊன்றியிருக்கிறாள். வலது உள்ளங்கையில் சிராய் ஏறிவிட்டது.

விளிம்பை உப்புத்தாளால் தேய்த்திருக்க வேண்டும், கேன்வாஸ் துணியாவது சுற்றியிருக்க வேண்டும். இரண்டையும் அன்று மாலையே செய்தேன். அடிபட்ட பிறகு எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான்.

கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். இடுக்கியை ஆல்கஹாலில் துடைத்தேன். பூதக்கண்ணாடி, விளக்கு, பஞ்சு எல்லாம் தயார். நோயாளியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே விளக்கினேன்: அமுக்க மாட்டேன், உள்ளே போன சாய்விலேயே இழுப்பேன், மரம் ஊறினால் உப்பும், அதனால் இனி நனைக்கக் கூடாது.

“ஊசி இருக்கா தாத்தா?”

“தேவைப்பட்டாதான். நுனி உள்ள போயிருந்தா, மேல்தோல லேசா விலக்க.”

கை மூடிக்கொண்டது.

எனக்குத் தெரிந்த முறைகள் எல்லாம் திறந்த கையிலிருந்துதான் தொடங்குகின்றன. கிளினிக்கில் தாய்மார் பிடித்துக்கொள்வார்கள். இங்கே நான் ஒருவன். பலவந்தமாகப் பிரித்தாலும், திமிறுகிற கையில் சிராய் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும்.

மகள் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். மதிய இடைவேளையில் அழைத்தபோது, கையைத் திறக்க மறுக்கிறாள் என்றேன்.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“நடக்கப்போறத சொன்னேன்.”

“அதான்பா பிரச்சன. தூங்குறப்ப எடுத்துடுங்க லா.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“நான் தூங்கமாட்டேன்,” என்றாள் பேத்தி, எங்கள் இருவருக்கும் பொதுவாக.

தூங்கினாள். ஆனால் குப்புறப் படுத்து, கையை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு. சாப்பாடு இடது கையில் கரண்டி பிடித்து. குளிக்கும்போது வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். நான் சொன்னவற்றில் அவள் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை, வீடியோ அழைப்பில் அம்மாவுக்கு மட்டும் காட்டச் சம்மதித்தாள். எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்பா, சிவப்பா இருக்கு.”

“எவ்வளவு தூரத்துக்கு? கோடு மாதிரி ஓடுதா? சீழ் இருக்கா?”

“எனக்கு எப்படிப்பா தெரியும்? நீங்கதான பாக்கணும்.”

நான்கடி தூரத்தில் இருந்த நோயாளியின் நிலைமையை, சிங்கப்பூரில் இருப்பவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அறையில் இளம் மலாய் மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே தடுப்பூசி விவரம், சிராயின் சாய்வு, ஏறிய நேரம் எல்லாம் ஒப்பித்தேன். பேத்தி என்னைக் காட்டி, “அத்தோக் கெலுவார்,” என்றாள். தாத்தா வெளியே போகட்டும். அவருக்குப் புரிய வேண்டுமே என்று மலாயிலேயே சொன்னாள்.

“பாக்சிக், துங்கு லுவார் செகெஜாப்,” என்று அவரும் பணிவாகக் கதவைக் காட்டினார். பெரியவரே, கொஞ்சம் வெளியே இருங்கள். சரியான முறைதான். குழந்தையைப் பதற வைக்கிறவரை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். எத்தனை தகப்பன்மாரை நானே அனுப்பியிருக்கிறேன்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காது கொடுத்தேன். அழுகை வந்தால் இது எந்தக் கட்டம் என்று சொல்லிவிடுவேன். வந்தது சிரிப்பு. அதற்கு என்ன கட்டம் என்று தெரியவில்லை.

உள்ளங்கையில் பிளாஸ்டரோடு வந்தாள்.

“எடுத்தாச்சா?”

“ம்.”

“ஊசி வச்சா எடுத்தாங்க?”

“தெரியல. அவங்க சொல்லல, நான் பாக்கல.”

கார் வரை நடக்கும்போது பிடித்துக்கொள்ளக் கை கொடுத்தாள். இடது கையை.