முதல் பாட்டை யார் பாடுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு பொட்டல் வெளியில், ஷாமியானாவுக்குக் கீழே, அறுபது பேர் முன்னிலையில் நான் பாடினேன்.

பதற வேண்டாம். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு என் எழுத்து தெரியும், குரல் தெரியாது. அது நீங்கள் செய்த புண்ணியம். அந்த அறுபது பேர் செய்யவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவியின் தம்பி தயாளன் கரோக்கே தொழிலில் இறங்கியிருக்கிறான். தெரியாதவர்களுக்கு – பாட்டின் இசை மட்டும் சிடியில் ஓடும், வரிகள் டிவியில் வரும், விசேஷத்துக்கு வந்தவர்களே மைக்கைப் பிடித்துப் பாடிக்கொள்ள வேண்டும். நட்சத்திர ஹோட்டல் சமாசாரம். அதைத் தாம்பரம் வட்டாரத்து வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் கொண்டுவருவது அவன் திட்டம்.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு ஷிஃப்ட் வேலை. மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு போட்டான். அதற்குள் ஒரு புக்கிங்காவது வர வேண்டும். வராவிட்டால் ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, வாய் திறக்காமல் வேலைக்குத் திரும்ப வேண்டும். இது அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம். எங்கள் வீட்டில் வைத்துதான் பேசினார்கள். சாட்சி நான்.

இரண்டரை மாதம் ஓடிவிட்டது. விசிட்டிங் கார்டு அடித்து மண்டபம் மண்டபமாகக் கொடுத்தான். படப்பையில் ஒரு மண்டப மேனேஜர் கேட்டாராம், "பாடறவங்க எத்தனை பேர் வருவீங்க?"

"பாடறவங்கன்னு யாரும் இல்ல சார்."

"அப்ப எதுக்கு வரீங்க?"

நியாயமான கேள்விதானே?

சரி, கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்று இரும்புலியூரில் ஒரு ஃபிளாட் ஆண்டு விழாவில் இலவசமாகச் செய்து காட்டினான். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தயாளன் நன்றாகப் பாடுவான். சும்மா இல்லை, ஏழு வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டவன். இந்த செட்டை வாங்கியதே அந்தச் சாக்கில் மைக் பிடிக்கலாம் என்றுதான். அன்றைக்கு முதல் பாட்டை உருகி உருகிப் பாடிவிட்டு, "அடுத்து யார் பாடறீங்க?" என்றான்.

யார் வருவார்கள்? நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டே. பாடச் சொன்னால், "ஐயோ, தொண்டை கட்டியிருக்கு" என்று பக்கத்து ஆளைக் கை காட்டுவோம். பக்கத்து ஆளுக்கும் அன்றுதான் தொண்டை கட்டியிருக்கும். அதிலும் ஒருவன் இப்படி அசத்திவிட்டுப் போனபின், எவனுக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் எட்டுப் பாட்டையும் அவனேதான் பாடினான். கைதட்டல் பலமாக இருந்தது. "ஏதாவது ட்ரூப்ல சேந்துடுங்க தம்பி" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். புக்கிங் மட்டும் வரவில்லை.

கடைசி வாய்ப்பாக வந்ததுதான் கூடுவாஞ்சேரி. மனை விற்கும் கம்பெனி ஒன்று ஞாயிறுதோறும் தாம்பரத்திலிருந்து வேன் விட்டு ஆட்களை அழைத்துப் போகிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட மனைகளைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். மதியச் சாப்பாடோ ஒரு மணிக்குத்தான். நடுவில் வெயிலைத் தாங்காமல், "வேனை எடுங்க, கெளம்பறோம்" என்று ரகளை. அவர்களைச் சாப்பாடு வரை உட்கார வைக்க வேண்டும். மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம் ஃப்ரீயா பண்ணுங்க சார். வர்ற ஜனங்க நாலு பேர்கிட்ட சொல்வாங்க, உங்களுக்கு விளம்பரம். அவங்க கெளம்பறோம்னா, நீங்களும் கெளம்பிடுங்க."

ஒயர் சுருட்ட ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

வழக்கம்போல் தயாளன் அற்புதமாகப் பாடினான். வழக்கம்போல் கைதட்டினார்கள். வழக்கம்போல் எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. பதினொன்றரைக்கே இரண்டு பேர் எழுந்து வேன் எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். மேனேஜர் தயாளனை ஒரு பார்வை பார்த்தார். அதே நேரம் பார்த்து ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது.

"மாமா, நான் பின்னாடி போய் லைன் பாக்கறேன். நீங்க எதையாவது பாடிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

பாடினேன். வேறு வழி? டிவியில் வரி முன்னால் ஓடியது. இசை அதற்கும் முன்னால் ஓடியது. நான் பின்னால் மூச்சிரைக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் வரிசையில் ஒருவர் நெளிந்தார். டூவீலர் மெக்கானிக் என்று பிறகு தெரிந்தது. எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா சார் இது, பாட்ட இப்டி கொல பண்ணிகினு கீற? குடு சார் மைக்க."

பிடுங்கிக்கொண்டு பாடினார். அவரும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. அதைக் கேட்டு இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள், "ஏதாவது டூயட் இருக்கா?" என்றார். அவருக்குப் பின்னால் நான்கு பேர்... அப்புறம் வரிசை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் யாரும் நகரவில்லை. வேனை எல்லாரும் மறந்தே போனார்கள்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "அடுத்த வாரமும் வந்துடுங்க. ஆனா சார், ஃபர்ஸ்ட் பாட்டு அவர் பாடட்டும்" என்று என்னைக் காட்டினார்.

தயாளன் முகம் தொங்கிப்போயிற்று. வேன் பெருங்களத்தூரைத் தாண்டியது. அப்புறம் கேட்டான்.

"மாமா, நான் நல்லா பாடலியா?"

"நல்லாத்தான் பாடறே. அதான் தப்பாப் போச்சு."

எனக்குப் பாவமாக இருந்தது. அவன் முன்னால் என் குரல் ஜெயித்ததில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துளி சந்தோஷமும் இருந்தது.

அடுத்த ஞாயிறு. லீவு முடிய ஆறே நாள். எனக்கோ சளி பிடித்து, நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது. பேச்சே வரவில்லை. சைகையால் சொன்னேன். தயாளன் மைக்கை எடுத்துக்கொண்டான். சிடியைப் போட்டான்.

தப்பாகப் பாடினான். பல்லவியை அரை நொடி தாமதமாக எடுத்தான். மேலே போக வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே கீழே இறங்கினான். அவனுக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. யார் முகத்தையும் பார்க்காமல், டிவியையே பார்த்துப் பாடினான். பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது மைக்குக்கு மூன்று பேர் நின்றார்கள்.

அன்றைக்கு நான்கு பாட்டுப் பாடியவர், ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருவர். மைத்துனருக்கு மனை பார்க்க வந்தவர். அவருடைய சொந்த வீடு ஊரப்பாக்கத்தில் முடியப்போகிறதாம். சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, அடுத்த மாசம் எங்க கிரகப்பிரவேசம். சாயங்காலம் உங்க செட்டை வெக்கலாம்னு இருக்கேன். எங்க சைடுல எல்லாரும் பாடுவாங்க."

தயாளன் டைரியைத் திறந்து தேதி கேட்டான். அவர் தேதியைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஏற்பாடெல்லாம் அருமையா பண்றீங்க. நீங்க மட்டும் பாட வேணாமே."

"ஒரு பாட்டு கூடவா சார்?"

அவர் நல்ல மனிதர். யோசித்தார். "எல்லாரும் பந்திக்குப் போனதும், வேணும்னா பாடிக்குங்க."

"சரிங்க சார்" என்று தயாளன் அதையும் டைரியில் குறித்துக்கொண்டான்.

நானும் போகிறேன். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.