முதலில் பதில் சொன்னவர்

கொல்கத்தா கிடர்பூரில் எங்கள் கப்பல் ஏஜென்சி ஆபீஸ் கணினிகளில் டிஸ்க் கிடையாது. காலையில் ஆன் செய்ததும், ஓட வேண்டிய புரோகிராமைக் கொடுக்கச் சொல்லி நெட்வொர்க்கில் கூப்பிடும். சர்வர் சற்றுத் தள்ளி, கார்டன் ரீச் பகுதியில். நடுவிலிருக்கும் ரவுட்டர்தான் அந்தக் கூப்பாட்டை அங்கே சேர்த்து, பதிலை வாங்கித் தரும். அது மக்கர் செய்த அன்று, ஹெட் ஆபீஸுக்குப் புகார் கொடுத்த அரை மணியில் ஒருவர் வந்து நின்றார். நரைத்த கிருதா, மடிப்புக் கலையாத சட்டை. என் வங்காள மொழிப் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

சர்வரின் முகவரியை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். ரவுட்டரில் அதைத் தட்டியதும் எச்சில் தொட்டு அழித்தார். எனக்கு உறுத்தியது.

"வேற எவனாவது நான்தான் சர்வர்னு பதில் கொடுத்தா?" என்றேன்.

"முதல்ல பதில் சொல்றவனை நம்பிடும் சார். நீ யாருன்னு கேக்காது."

"முட்டாள் மிஷின்!"

அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து போன். "அண்ணா, ரவுட்டர் பார்க்க ஆள் இப்பதான் கிளம்பறார்."

கணினிகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. எந்த சர்வரிலிருந்து என்றுதான் தெரியவில்லை. தமிழில் பேசுகிறாரே என்று ரவுட்டர் பாஸ்வேர்டைக் கொடுத்த நான், அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.