பெட்டி பெட்டியாகப் போன நிரல்

மடுல்கெல்லவில், முன்பு மண் சரிந்த ஒரு தேயிலை மலையில், நானும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியும் ஆய்வுக்காக சென்சர் பெட்டிகள் நட்டிருந்தோம். அவை மண்ணின் ஈரத்தை அளப்பவை. வயர் கிடையாது, ஒரு பெட்டி அளந்ததை அடுத்த பெட்டி வாங்கிக் கடத்தி, கடைசியில் தோட்டப் பாடசாலையில் இருந்த எங்கள் கணினிக்கு அனுப்பும். எல்லாப் பெட்டிகளின் செய்தியையும் சுமந்ததால், பாடசாலைக்குப் பக்கத்துப் பெட்டிகளின் பற்றரிதான் முதலில் தீர்ந்தது.

அதனால் வேறு வழி பார்த்தோம். தகவல் மொத்தத்தையும் வரவழைக்காமல், ஒரு சின்ன கணினி நிரலை அனுப்பினோம். அது பெட்டி பெட்டியாகப் போய், அங்கேயே கணக்குப் பார்த்து, வேண்டியதை மட்டும் கொண்டுவர வேண்டும்.

போனது திரும்பவில்லை.

"வழியிலேயே செத்துப்போச்சா?" என்றேன்.

"இல்லை, எங்கயோ நிக்குது. வாரும், போய்ப் பாப்பம்."

அட்டை கடிக்குமென்று பயந்து காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு ஏறினோம். பகல் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் நின்றார்.

"என்னாங்க தேடுறீங்க?"

"ஒரு புரோகிராமுங்க அக்கா. இந்தப் பெட்டிகள்ல ஏதோ ஒண்ணுல இருக்கு."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அது இருக்கிற பெட்டியில லைட் மின்னும்."

"அப்ப நானும் வாறேன், பாத்துருவோம்" என்று கூடவே திரும்பி ஏறினார்.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி மின்னியது. அது அணைந்ததும் எதிர்ப்பக்கத்துப் பெட்டி மின்னியது. மறுபடி இது, மறுபடி அது. அக்கா சிரித்துவிட்டார். "போறதும் வாறதுமா இருக்குங்களே!"

சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பெட்டிக்குப் போகும்படிதான் நிரலை எழுதியிருந்தோம். ஓடைக்கு மேலே மறைப்பு எதுவும் இல்லாததால் அந்த இரண்டுக்கும் ஒன்றின் சிக்னல் மற்றதற்கு நன்றாகக் கிடைத்தது; அதனால் நிரல் அவற்றுக்கிடையிலேயே போய்வந்தது. எனக்கு எரிச்சல் வரவில்லை. எழுதியதை அப்படியே செய்துகொண்டிருந்த அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தோழி பாறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். போன பெட்டிகளை நினைவில் வைத்து, போகாத பெட்டிக்கே முதலில் போகும்படி மாற்றி, பழையதை நிறுத்தி, புதியதை அனுப்பினோம். நாங்கள் பாடசாலைக்கு இறங்குவதற்குள் அது வந்து சேர்ந்திருந்தது. பிறகு பற்றரிகளும் நீண்ட நாள் தாங்கின.

ஆனால் அன்று அது கொண்டுவந்த முதல் கணக்கே எங்களைத் திகைக்க வைத்தது. அந்த வாரம் முழுக்க மழை பெய்தும் மலை உச்சி மண்ணில் ஈரமே இல்லை.

"அப்ப தண்ணி எங்க போகுது? உள்ளுக்க இறங்கினா மலை திரும்பவும் சரியுமே!" என்றாள் தோழி.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மறுபடி ஏறினோம்.