விமானத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ‘பொம்மை’ என்பது கெட்ட வார்த்தை. நான்தான் அப்படி ஆக்கி வைத்தேன். மேசையில் இறக்கை காய்ந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து யாராவது வந்து, பொம்மை செய்கிறீர்களா என்று கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பொம்மை என்றால் எடுத்து விளையாடுவது. நான் செய்வதை எடுத்து விளையாடினால் இறக்கை முறியும், எடுத்தவருக்கும் ஏதாவது முறியும்.

இந்தப் பாடத்தை அதிகம் படித்தவர் என் கணவர். நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி அவருடையது. கல்யாணமான புதிதில் நான் பசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், “பொம்மைய மூடி வச்சிட்டு சாப்பிட வா” என்பார். ஒவ்வொரு முறையும் திருத்தினேன். பொம்மை இல்லை, ஏரோப்ளேன். மனிதர் பழகிவிட்டார். இப்போது போனில் யாராவது என்னைக் கேட்டால், “அவ ஏரோப்ளேன் வேலையா இருக்கா” என்று ஏதோ விமான நிலையத்தில் எனக்கு வேலை என்பதுபோல் சொல்கிறார்.

என் வேலை மலாக்கா டவுனில் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில். பல் செட் செய்பவள் நான். இளவயதில் ஒரு கடையில், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்ன விமானம் கட்டும் பெட்டி ஒன்றைப் பார்த்து, பல்லை விடவா இது கஷ்டம் என்று வாங்கினேன். கஷ்டம்தான். அதிலும் எனக்குப் பிடித்தவை பழைய பெட்டிகள், நான் பாலர் பள்ளி போன காலத்தில் அச்சு வார்த்தவை. புதிய பெட்டிகளில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், எனக்கு அங்கே என்ன வேலை? பழையதில் இரண்டு பாதி உடலையும் சேர்த்தால் நடுவில் அரிசி விழும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அதை அடைத்து, சுரண்டி, தேய்த்து ஒரே உடலாக்குவதில்தான் ருசி.

போன வருஷம் தஞ்சோங் கிளிங்கில் ஒரு மலாய்ப் பெரியவர் தன் சேகரிப்பைக் காலி செய்கிறார் என்று தெரிந்து இருவரும் காரில் போனோம். அங்கே கிடைத்ததுதான் அந்தக் கடல் விமானம். தண்ணீரிலும் இறங்கும், சக்கரம் விட்டுத் தரையிலும் இறங்கும் ரகம். இரண்டு பக்கமும் தவளைக் கண் போல் புடைத்த கண்ணாடி ஜன்னல்கள் அதற்கு அழகு. அந்தக் கண்கள் இரண்டும் பெட்டிக்குள் நொறுங்கிக் கிடந்தன. பெரியவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார், இதை இனிக் கட்ட முடியாது, பெட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம், ஜன்னல் இல்லாத ஏரோப்ளேனை யார் வாங்குவார்கள் என்று என் கணவர் சிரித்தார்.

அவருக்குத் தெரியாதது, எங்கள் கிளினிக்கில் ஒரு இயந்திரம் இருக்கிறது. தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு உறை செய்வது. கண்ணாடி போன்ற தாளைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் இறக்கி, காற்றை உறிஞ்சினால் தாள் அப்படியே படிந்துவிடும். டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மதிய இடைவேளையில் பல் அச்சுக்குப் பதிலாகத் தவளைக் கண்ணின் அச்சைச் செதுக்கி வைத்தேன். முதல் நான்கும் குப்பைக்குப் போயின. ஐந்தாவது முறை எடுத்த ஜோடி அவ்வளவு தெளிவாக வந்தது, எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வெளியே நோயாளிகள் இருந்ததால் கத்தவில்லை.

இறக்கையில் ஒட்ட வேண்டிய சின்னங்களின் தாள் பழுத்துப் போயிருந்தது. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கள் ஊரான டுரியான் துங்காலின் வெயில் நேராக அடிக்கும் எங்கள் சமையலறை ஜன்னலில் ஒட்டி வைத்தேன். இரண்டு வாரத்தில் மஞ்சள் போய்விடும். இந்த வடகத்தை எப்போது பொரிப்பாய் என்று என் கணவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். உடலைத் தேய்த்ததில் அழிந்துபோன ஆணித் தலைகளை, பல் குத்திப் பார்க்கும் கம்பியின் நுனியால் பசைப் புள்ளி வைத்து வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். எண்ணுவதைப் பாதி இறக்கையிலேயே விட்டுவிட்டேன். எட்டு மாதம் ஆனது. கடைசியில் மூக்கு முழுக்க மங்கலான வெள்ளைப் பூச்சு, பளபளப்பே இல்லாத வெள்ளை.

இதை டவுன் மாலில் நடக்கும் கண்காட்சியில் போட்டிக்கு வைப்பது என்று முடிவு செய்தேன். அதுவரை நான் எதிலும் கலந்துகொண்டதில்லை. முடிவு செய்ததற்குக் காரணம் ரோஷம். விமானம் கட்டுகிறவர்களின் போன் குழுவில் என் தவளைக் கண் படத்தைப் போட்டிருந்தேன். ஒருவர், கடையில் வாங்கியதுதானே என்றார். இன்னொருவர், உங்கள் கணவர் செய்து தருகிறாரா என்று கேட்டார். என் கணவருக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவே நான் வேண்டும். போட்டிக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டிய பாரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. இந்த மாடலில் உள்ள வேலை முழுவதும் என் கையால் செய்தது. அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போட்டு, கணவரைப் பற்றிக் கேட்ட அந்த ஆளின் கண் முன்னால் நீட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் அவர் ராஜ்யம். அன்று லீவு போட்டுவிட்டு லோரியைக் கழுவி, காரைக் கழுவி, மோட்டார் சைக்கிளைக் கழுவி, புல்வெட்டி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். ரைஸ் குக்கருக்குக்கூட உண்டு. எனக்கு அரை நாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்தபோது கூடமெல்லாம் சாம்பிராணி மணம். சாமி மேடைக்கு முன்னால் ஸ்பானர், ஜாக்கி, பல் செட்டுக்கு மெழுகு சீவும் என் கத்திகள், எல்லாம் வரிசையாகப் பொட்டோடு இருந்தன. வரிசையின் நடுவில், மஞ்சள் துணி விரித்து, என் விமானம்.

மூக்கில் பத்துக் காசு அளவுக்குச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

நான் ஓடிப்போய் ஈரப் பஞ்சால் துடைத்தேன். அதுதான் நான் செய்த பிழை. மங்கலான பூச்சு தண்ணீரோடு குங்குமத்தையும் சேர்த்துக் குடித்தது. பொட்டு போய், மூக்கு முழுக்க ரோஸ் பரவியது. எட்டு மாத உழைப்பு சளி பிடித்த குழந்தையாகி என்னைப் பார்த்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சமையலறையிலிருந்து அவர் வருவதைப் பார்த்ததும் வாயில் வந்ததைக் கொட்டினேன்.

“பொம்மைக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?”

அவர் சண்டைக்கு வரவில்லை. நான் சொன்னதைச் சரியாகத்தான் கேட்டோமா என்று யோசிப்பவரைப் போல் நின்றார்.

“நீதான ஏரோப்ளேன்னு சொன்ன,” என்றார்.

கையில் ஒரு தட்டு வைத்திருந்தார். தட்டில் லிமாவ் கஸ்தூரி, சிறிய எலுமிச்சை வகையில் கோலிக்குண்டு அளவுக்குத் தேடி எடுத்தவை. லோரிக்கும் காருக்கும் சக்கரத்தடியில் பெரிய எலுமிச்சை வைத்து நசுக்கியாயிற்றாம். இதற்குச் சக்கரம் சின்னது, அதனால் காலையில் பசாரில் பொறுக்கி வாங்கி வந்தாராம். உருட்டினால் சக்கரம் உடையுமோ என்று பயந்து, நான் வரட்டும் என்று வைத்திருந்தாராம். இதையெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, தட்டோடு திரும்பிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்த வார்த்தைக்காக அவரைத் திருத்தியவள், கோபம் வந்ததும் அதையே எடுத்து அவர் மேல் வீசியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை டேப்பும் வெள்ளைப் பெயின்ட்டும் எடுத்து வைத்தேன். சரிசெய்வது பெரிய காரியமில்லை. கண்ணாடியை மறைத்து, மூக்குக்கு மட்டும் இரண்டு பூச்சு கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும். முதல் பூச்சு கொடுத்தேன், ரோஸ் மறைந்தது. இரண்டாவது பூச்சும் காய்ந்து, மூக்கு சுத்தமாக, வெள்ளையாக, யாருக்கும் சொந்தமில்லாததாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே லோரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையில் சிவப்புப் பெயின்ட்டைத் தொட்டு அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்றார், கை நடுங்கும் என்றார், மறுபடியும் கெட்டுவிடும் என்றார். தோட்டத்துச் சகதியில் பத்து டன் லோரியை ஓட்டுகிறவர். வையுங்கள் என்றேன். போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, கடுகளவு. பிறகு மேசையில் லிமாவ் கஸ்தூரியை நசுக்கி, அதன் சாற்றில் சக்கரத்தை இருவரும் லேசாகத் தொட்டு எடுத்தோம்.

அதன் பிறகு பாரத்தை எடுத்தேன். வேலை முழுவதும் என் கையால் செய்தது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். கடுகளவுதானே என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. கையெழுத்துப் போடாமல், பக்கத்தில் இருந்த ‘காட்சிக்கு மட்டும்’ கட்டத்தில் டிக் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மாலில் காட்சிக்கு மட்டும் வைக்கும் மேசை நுழைவாயிலை ஒட்டி இருந்தது. முன்னால் இருப்பதால் அதுதான் முதல் தர மேசை என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். நடுவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பழைய பெட்டிப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய விமானத்தின் முதுகில், இரண்டு பாதியையும் ஒட்டிய கோடு எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. வயிறு எரிந்தது, மறைப்பானேன். குழுவில் என் கணவரைப் பற்றிக் கேட்ட அந்த ஆளும் வந்தார். டார்ச் அடித்துத் தவளைக் கண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதைப் போய்ப் போட்டியில் வைக்காமல் விட்டீர்களே என்றார்.

மதியம் போல, கையில் மளிகைப் பையோடு ஒரு தமிழ் அம்மா நின்று பார்த்தார். பொம்மை அழகாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டார். எனக்கு வழக்கம்போல் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முன்னால் வந்துவிட்டார்.

“பொம்மை இல்லம்மா, ஏரோப்ளேன்,” என்றார். “அந்தப் பொட்டு மட்டும்தான் நான் வச்சது. மத்ததெல்லாம் இவங்க கை.”