ஜெரோம் ஓடக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவித்த புட்டு அப்படியே ஆறிப்போனது. மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் அதில் கைவைக்கவில்லை. காரணம்... அமெரிக்காவில் ஒரு மைதானத்தில் என் தங்கை மகன் ஜெரோம் பந்து எறிந்துகொண்டிருந்தான்.

தங்கை ரீற்றா ஒரு கலியாணத்துக்காக எங்கள் ஊரான குருநகருக்கு வந்து எங்களோடு நிற்கிறாள். கணவரும் மகனும் அங்கே. மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். படிப்போடு விளையாட்டு. என்ன விளையாட்டு? அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால்! மற்றபடி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துவார்கள்.

அதில் ஜெரோம் குவாட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். முன்னால் மலை மாதிரி ஆட்கள் சுவராக நின்று எதிரணியைத் தடுப்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று, முன்னுக்கு ஓடுகிற தன் ஆட்களில் ஒருவனுக்கு எறிய வேண்டும். அவன் எதிரணியின் எல்லைக்குள் பந்தைப் பிடித்தால் புள்ளி. பழைய முறை அதுதான். அவனுடைய கோச்சும் பழைய முறைக்காரர். நின்று எறி, ஓடுவதற்கு வேறு ஆள் இருக்கிறான் — இது அவருடைய வேதம்.

ஆனால் ஜெரோமுக்குக் கையும் இருக்கிறது, காலும் இருக்கிறது. பள்ளிக்கூட நாளில், எறிய ஆள் கிடைக்காவிட்டால் பந்தோடு தானே பறந்துவிடுவான். இப்படிப்பட்டவனை அங்கே ‘இரட்டை ஆபத்து’ என்பார்களாம். எறிவானா, ஓடுவானா என்று தெரியாமல் எதிரணி முழிக்க வேண்டியதுதான்.

இந்தக் கோச்சிடம் வந்த பிறகு அந்தக் காலுக்கு வேலையில்லை. அவனும் பெஞ்சில்தான் இருந்தான். பிறகு, வழக்கமாக விளையாடுகிறவனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. இனி ஜெரோம்தான். ஒழுங்காக விளையாடினால் இடம் அவனுக்கு. கோட்டைவிட்டால், அடுத்த ஆள் காத்திருக்கிறான்.

அங்கே சனி இரவு, இங்கே ஞாயிறு காலை. முதல் பூசைக்கு வெளிக்கிட முன்பே ரீற்றா மகனுக்கு ஃபோன் எடுத்தாள்.

“மோனை, கோச் சொல்லுறபடி செய். ஓடாதை. அந்தச் சுவருக்குப் பின்னாலையே நில்.”

“ஓம் அம்மா, ஓம்” என்றான் அவன். அவனுக்கு அவசரம்.

என் கணவர் ஒரு காலத்தில் எங்கள் கோயில் பங்கு அணிக்குப் பந்தடித்தவர். எந்தப் பந்தாக இருந்தாலும் கருத்துச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர். சேட் பொத்தானைப் பூட்டியபடி கேட்டார்: “ஏன் பிள்ளை அவனைக் கட்டிப்போடுறாய்? கால் இருக்கிறவனை ஓட விடவேணும்.”

“ஓடினால் எல்லாரும் சேந்து மேலை விழுந்து நசிப்பாங்கள், அத்தான். நீங்கள் பாக்கேல்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். “நானும் அவன்ரை அப்பாவும் எத்தினை இடம் ஓடினனாங்கள்? பிள்ளையாவது ஓடாமல் ஓரிடத்திலை நிண்டு வாழட்டும் எண்டுதானே அங்கை போனது.”

அவர் மிச்சப் பொத்தான்களைப் பூட்டினார். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த கதையை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பூசை முடிந்து வந்து மூவரும் ரீவிக்கு முன்னால் இருந்தோம். ஆட்டம் தொடங்கியது. ஜெரோம் சொன்ன சொல் தவறவில்லை. பந்தை வாங்கினான், பின்னுக்குப் போனான், நின்றான், எறிந்தான். சில எறிகள் ஆட்களின் கைக்குப் போயின. சில நிலத்தில் விழுந்தன. எதிரணி முந்திவிட்டது. இடைக்கிடை அவனுக்கு முன்னால் பெரிய வெளி தெரிந்தது. ஓடியிருந்தால் யாரும் பிடித்திருக்க முடியாது. பார்த்தான்... ஓடவில்லை. கதிரையில் இருந்தபடியே என் கணவரின் கால்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகுதான் அது நடந்தது.

வலப்பக்கம் பார்த்து எறியக் கையை உயர்த்தினான். இடப்பக்கத்தில் சுவர் உடைந்ததை அவன் காணவில்லை. நாங்கள் கண்டோம். மூவரும் ஒன்றாகக் கத்தினோம். குருநகரில் கத்தினால் அமெரிக்காவில் கேட்குமா? முழு வேகத்தில் வந்த ஒருவன் முதுகில் மோதினான். ஜெரோம் மடிந்து விழுந்தான். எழும்பவில்லை. மருத்துவ ஆட்கள் ஓடி வந்து அவன்மேல் குனிந்தார்கள்...

கரண்ட் போய்விட்டது.

கறுத்த ரீவியைப் பார்த்தபடி இருந்தோம். ரீற்றா கணவருக்கு ஃபோன் அடித்தாள். அவர் மைதானத்தில்தான் இருந்தார். மணி போகிறது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. சத்தத்தில் கேட்கவில்லையா? அல்லது, எடுக்க முடியாத நிலையா? நான் என் ஃபோனில் மட்ச்சைத் தேடினேன். அவசரத்தில் கண்ட கண்ட பக்கமெல்லாம் திறந்தது. என் கணவர் வாசலுக்குப் போய் ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லையா என்று பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் திரும்பவும் போனார்.

“ஓடாதை எண்டு நான்தானே சொன்னனான்” என்றாள் ரீற்றா. “அவன் நிண்டதாலைதானே அடி விழுந்தது, அக்கா.”

“கோச்சும் அதைத்தானே சொன்னவர்.”

“கோச் அவனைப் பெறேல்லையே.”

யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்திமதியில் பாதி, நம்முடைய பழைய பயம்தானே? நமக்கு அடி வந்த பக்கத்தைக் காட்டி, கவனம் கவனம் என்கிறோம். அவர்களுக்கு வேறு பக்கத்தால் வந்து விழுகிறது.

ஃபோன் அடித்தது. அவளுடைய கணவர். பின்னணியில் ஒரே ஆரவாரம்.

“எழும்பிட்டான்! மூச்சடைச்சுப் போச்சுது, அவ்வளவுதான். தோளிலை கொஞ்சம் நோவு. டொக்டர் பாத்து ஓமெண்டிட்டார். திரும்ப இறங்கப்போறான்.”

“இறங்கப்போறானோ? வேண்டாமெண்டு சொல்லுங்கோ!”

“ஆருக்கு? கோச்சுக்கோ?” என்றார் அவர். லைன் அறுந்தது.

ஒருவழியாக என் ஃபோனில் படம் வந்தது. அந்தச் சின்னத் திரைக்கு மேல் மூன்று தலைகள். ஆட்டம் முடியும் நேரம். எதிரணி இன்னும் முன்னுக்கு. ஜெரோம் பந்தை வாங்கிப் பின்னுக்குப் போனான். மறுபடியும் சுவர் உடைந்தது. எறிய ஆள் இல்லை. ஒரு கணம் நின்றான்.

“ஓடு!”

கத்தியது என் கணவர் அல்ல. ரீற்றா. “ஓடு மோனை, ஓடு!”

ஓடினான். உடைந்த சுவருக்குள்ளால் புகுந்து, ஓரக் கோட்டைப் பிடித்து ஓடினான். எல்லைக்குக் கிட்டப் போனதும் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். அவன் மெல்லக் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டான்; வெளியே போனவனை இடிக்கக் கூடாதாம். ஒரு கைகூட அவன்மேல் படவில்லை. திரையில் கோச்சின் முகம் தெரிந்தது. சிரிப்பா, கோபமா... ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த முறை எதிரணி அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றது. ஜெரோம் ஓடப் போகிறவன் போல முன்னுக்குச் சரிந்தான். அத்தனை பேரும் பாய்ந்தார்கள். அவர்களுடைய தலைக்கு மேலால், எல்லைக்குள் தனியே நின்ற தன் ஆளுக்கு எறிந்தான். அவன் பிடித்தான். வெற்றி!

“பாத்தியளே!” என் கணவர் குதித்தார். “ஓடுவான் எண்ட பயத்திலைதான் எறிய இடம் கிடைச்சது!”

ரீற்றாவுக்கு அந்த விளக்கம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மதியம்போல ஜெரோம் வீடியோவில் வந்தான். தோளில் ஐஸ் கட்டியிருந்தது.

“அம்மா, ஓடினதுக்குக் கோச் நல்லா ஏசினவர்.”

“பிறகு?”

“அடுத்த கிழமை நான் ஓடுறதுக்கெண்டே புதுசா ரெண்டு திட்டம் போட்டுத் தந்திருக்கிறார்.”

அவன் சிரித்தான். ரீற்றாவும் சிரித்தாள்.  

நத்தார்ப் பண்டிகை வரை எங்களோடு நிற்க வந்தவள், அன்று பின்னேரமே விமான ரிக்கெட்டை மாற்றிவிட்டாள். இந்தக் கிழமை பயணம். எனக்குக் கவலை, கொஞ்சம் கோபமும்.

“இவ்வளவு நாளும் ஒரு மட்ச்சுக்கும் மைதானத்துப் பக்கம் போகாதவள்... இப்ப போய் என்ன செய்யப்போறாய்?”

“கிட்ட இருந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கப்போறன், அக்கா.”

பயப்படுவதென்றாலும் முன்வரிசையில் இருந்து பயப்பட வேண்டும் போலிருக்கிறது, தாய்மாருக்கு!