மடிப்பக்காவின் கை

தெருமுனை இஸ்திரிக் கடைக்காரியை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தேய்த்துக் கொடுத்தால் பழைய சட்டைக்கும் புதுக்களை வந்துவிடும். உடம்பில் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. நினைவு வந்தால் மாத்திரை போடுவாள், இல்லாவிட்டால் இல்லை.

ஒருநாள் வலது ஆள்காட்டி விரல் இஸ்திரிப் பெட்டியில் பட்டுக் கருகியது. தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தாள். விரல் மரத்துப்போய் எத்தனை நாளாயிற்றோ! வலிக்காத புண்ணை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? துணியைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் வேலை பார்த்தாள். பதினோராம் நாள் புறங்கைவரை கறுத்து, காய்ச்சல் தூக்கிப்போட்டது. பஸ் ஓட்டும் கணவர் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினார்.

"மணிக்கட்டுக்கு மேல எடுத்துடணும்மா," என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கே எடுத்தா முழங்கை தப்பும். தள்ளிப்போட்டா அதுவும் போகும், உயிருக்கும் ஆபத்து."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முழங்கை இருந்தா துணிய அமுக்கிப் பிடிக்க முடியுமா?"

"தாராளமா."

"அப்ப எடுத்துடுங்க."

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

புண் ஆற இரண்டு மாதமாயிற்று. அதற்குள் இல்லாத விரல் நெருப்பாய் எரியத் தொடங்கியது. "இருந்தப்ப சுட்டது தெரியல, போனப்புறம் சுடுதுங்க," என்று கணவரிடம் அழுதாள். அழும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், எரிச்சல் குறைய, கையின் முனையைப் பலவகைத் துணியால் தினமும் தடவச் சொன்னாள். துணி விஷயத்தில் அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்! மெல்லிய பருத்தியில் ஆரம்பித்து முரட்டு ஜீன்ஸ்வரை வந்தாள். எரிச்சல் முழுக்கப் போகவில்லை, ஆனால் தூங்கவிட்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் கைக்குள் வியர்த்தது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். முனைக்குத் தடித்த உறை மாட்டித் துணியை அமுக்கி, இடது கையால் தேய்த்தாள். முதல் சட்டைக்கு அரை மணி நேரம். காலரில் சுருக்கம்.

"பரவாயில்லக்கா, குடுங்க," என்றார் சட்டையைக் கொடுத்திருந்த கணக்கு வாத்தியார்.

"உங்களுக்குப் பரவாயில்ல சார், எனக்கு?" என்று பிடுங்கி மறுபடி தேய்த்தாள்.

ஆறு மாதத்தில் சட்டைக்குப் பத்து நிமிஷம் என்று ஆயிற்று. மாத்திரை இப்போது தப்புவதில்லை. வேலை முடிந்து வந்ததும் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளது இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்.

"சீக்கிரம் பாருங்க, ஆறு சட்டை கிடக்கு."

"கிடக்கட்டும். பாதம் இன்னும் பாக்கல."

முனகிக்கொண்டே காலை நீட்டினாள்.