கல்யாணக் காரில் ஹீட்டர்

அக்காவின் கல்யாணத்துக்கு மாமா தன் மின்சாரக் காரைக் கொண்டுவந்தார். நான் மாத்தளையில் ஒரு கராஜில் பிரேக் வேலை செய்கிறேன். மாமா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வாங்கின நாளிலிருந்து பிரேக் பேட் மாற்றவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. எனக்குச் சோறு போடாத கார் என்று நானும் அதை நக்கல் பண்ணுவேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினாலே அந்தக் காரை மோட்டாரே பிடித்து நிறுத்தும். அந்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும். பிரேக்குக்கு வேலை குறைவு.

ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில்தான் கார் நின்றது. கல்யாண வீட்டுக் கார் பசியோடு போகக்கூடாது என்று அப்பா வயர் இழுத்து விடியும்வரை சார்ஜ் ஏற்றினார். இலையைக் கையால் மறித்தாலும் சோறு போடுகிற மனுஷன் அவர்.

மற்றவர்கள் வேனில் முன்னாடியே போய்விட்டார்கள். மாமா ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அக்கா, சேலையோடு. மழை. மலை இறக்கத்தில் முதல் வளைவில் மாமா காலைத் தூக்கினார். கார் பிடிக்கவில்லை. நிறைந்த பேட்டரிக்குள் கரண்ட் போக இடமில்லை. பிரேக்கை மிதித்தார். கரகரவென்று சத்தம் வந்தது, கார் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை வெட்டி, மண்மேட்டில் முட்டி நிறுத்தினார்.

இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பார்த்தேன். சும்மா கிடந்த டிஸ்க் எல்லாம் துரு. ஒரு பக்க பிரேக் இறுகிப்போய் வேலையே செய்யவில்லை. அதைக் கழற்றுகிற சாமான் எல்லாம் கராஜில்.

"பேட் புதுசு மாதிரியே இருக்கு மாமா. நீங்க சொன்னது சரிதான்."

மாமா குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார்.

திருப்ப இடமில்லை. பின்னால் தேயிலைக் கொழுந்து லொறி வந்து நின்று ஹார்ன் அடித்தது. போனில் சிக்னல் இல்லை. இறங்கி நடந்தால் சேலைக்குள் அட்டை ஏறும். எங்கள் கல்யாணப் பூசைக்குப் பிறகு மாதா கோயிலில் இன்னொரு கல்யாணம் இருந்தது. பிந்தினால் ஃபாதர் அவர்களை முதலில் கூப்பிட்டுவிடுவார்.

பேட்டரி கொஞ்சம் இறங்கினால் மோட்டார் மறுபடி பிடிக்கும். ஹீட்டரை முழுதாகப் போட்டேன். லைட், வைப்பர், பாட்டு எல்லாம். மழையில் கண்ணாடியைத் திறக்கவும் முடியாது. கார் பேக்கரியில் பாண் சுடுகிற போறணை அடுப்பு மாதிரி ஆனது. தப்பி ஓட இடமில்லாததால் மாமா என் பாடத்தையும் கேட்டார்: பேட் தேயாவிட்டாலும் இடைக்கிடை கழற்றி, துரு எடுத்து, கிரீஸ் போட வேண்டும்.

அக்காவின் பவுடர் கழுத்து வழியாக இறங்கியது.

"டேய், நா இன்னைக்குக் கோயிலுக்குப் போவேனா?"

"போயிருவக்கா. கொஞ்சம் வெந்து போவ."

அவள் சிரிக்கவில்லை. மூன்று பேரும் திரையில் நகராத பேட்டரி நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். லொறிக்காரர்கள் வந்து கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருவழியாக நம்பர் இறங்கியது. கல்லை எடுத்தேன். மாமா மெல்ல நகர்த்திக் காலைத் தூக்கினார். கார் பிடித்தது. நடக்கிற வேகத்தில் இறங்கினோம், பின்னால் லொறி ஹார்ன் அடித்துக்கொண்டே.

கோயில் வாசலில் மற்றக் கல்யாணப் பெண் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்து, அவளைத் தாண்டி ஓடினாள். மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"அழுதீங்களா?"

"இல்லங்க. ஹீட்டர்."